அம்மு புதுவீட்டுக்குப் போய்வந்த மறுநாள்

கொட்டகைக்குள் தலை குனிந்து நுழைந்ததும் புளித்த மாவின் வாடை அடித்தது. அரைத்த இட்லி மாவை மூடிவைத்து மறந்துபோய், கோடையில் இரண்டு நாள் கழித்துத் திறந்தால் வருமே, அந்த வாடை. மாட்டுக் கொட்டகையில் சாணம் மணக்கலாம், ஈர வைக்கோல் மணக்கலாம், தவிட்டுத் தூசி மூக்கில் ஏறலாம். இந்த வாடை மட்டும் வரக்கூடாது.

அம்மு படுத்திருந்தது. செவலை நிறத்து ஜெர்சி கலப்புப் பசு. தலையைத் திருப்பித் தன் விலாவின்மேலேயே சாய்த்திருந்தது. நெற்றியில் முந்தின நாள் வைத்த மஞ்சளும் குங்குமமும் காய்ந்து வெடித்திருந்தன. மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் மீறிப் பல்லை அரைக்கும் சத்தம் கேட்டது. அசைபோடும் சத்தம் கேட்டால் எனக்குத் தூக்கம் வரும். பல் அரைக்கும் சத்தம் வேறு. மாடு வலியைச் சொல்ல வேறு வழியில்லாமல் எழுப்பும் சத்தம் அது.

"நேத்து மத்தியானத்துலேர்ந்து வாயில ஒண்ணும் வெக்கல டாக்டரம்மா" என்றாள் கஸ்தூரி அக்கா. "ராத்திரி பேதியாச்சு. காத்தால எய்ப்பிப் பாத்தேன். எய்ந்துக்க மாட்டேங்குது."

என் வழக்கப்படி வரிசையாகப் பார்த்தேன். காது சில்லென்றிருந்தது. கண் உள்ளே போயிருந்தது. நாடி வேகமாகவும் மெலிதாகவும் ஓடியது. இடது விலாவில் முஷ்டியால் அழுத்தி விட்டதும் உள்ளே தண்ணீர்க் குடம் ஆடுகிற சத்தம். கடைசியாகச் சாணத்தைப் பார்த்தேன். மஞ்சள் கூழாக இருந்தது. அதில் முழுசு முழுசாகச் சோற்றுப் பருக்கைகள்.

"நேத்து என்ன சாப்பிட்டுச்சு?"

அக்கா திரும்பிக் கணவரைப் பார்த்தாள். ஏழுமலை அண்ணன் கன்றுக்குட்டியின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு தூணோரம் நின்றிருந்தார்.

"எப்பவும் துன்றதுதான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "காத்தால கிரகப்பிரவேசத்துக்கு இட்டுனு போனேன்" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. அக்காவுக்கு இன்னும் புரியவில்லை.

ஒரு வாசகரின் கேள்வி

போன வாரம் இந்தப் பத்தியில் உண்ணிக் காய்ச்சலைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "தொட்டதற்கெல்லாம் செத்துப்போகிற கலப்பு மாட்டை எதற்கு வளர்க்க வேண்டும்? நாட்டு மாடு வளர்த்தால் உங்களுக்கும் வேலை குறையுமே?"

கேள்வி நியாயமானது. இதே கேள்வியை நானும் கஸ்தூரி அக்காவிடம் கேட்டிருக்கிறேன்.

"நாட்டு மாடு என் புள்ளைங்களுக்குப் பால் குடுக்கும். ரெண்டு தெருவுக்குக் குடுக்குமா?" என்றாள் அவள்.

அவ்வளவுதான் விஷயம். சென்னையின் மேற்கு ஓரத்தில் அயனம்பாக்கம் ஏரியைச் சுற்றி அடுக்குமாடி எழுந்த பிறகு பால் கேட்கிறவர்கள் பெருகினார்கள். மேய்ச்சல் நிலம் போனது. இருக்கிற கொஞ்ச இடத்தில், வாங்கிப் போடும் தீவனத்தில், தெருவுக்கே பால் கறக்க வேண்டுமானால் கலப்புப் பசுதான் வேண்டும். பால் கொடுக்கும் குணம் குளிர் நாட்டிலிருந்து வந்தது. வெயில் நம்முடையது. இரண்டுக்கும் நடுவில் அந்த மாடு நிற்கிறது.

என்னிடம் ஒரு பட்டியல் உண்டு. புதிதாக மாடு வாங்குகிறவர்களிடம் விரல் விட்டு எண்ணிச் சொல்வேன். முதலில் வெயில்: தகரக் கூரைக்கு அடியில் மதியம் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கும் மாட்டுக்கு, பால் கறக்க எதுவும் மிஞ்சாது. அடுத்தது உண்ணி. அப்புறம் கன்று போட்ட வாரத்தில் சுண்ணாம்புச் சத்து வற்றி விழுவது. அப்புறம் மடிவீக்கம். அப்புறம் பிளாஸ்டிக் பை.

மனிதர்களை இந்தப் பட்டியலில் சேர்த்ததில்லை. என்னைக் கூப்பிடுகிற எவரும் தங்கள் மாட்டுக்குக் கெட்டது நினைத்ததில்லை.

கஸ்தூரி அக்காவின் முதல் கலப்புப் பசு உண்ணிக் காய்ச்சலில் போனது. இரண்டாவது, கன்று போட்ட மறுநாள் விழுந்தது, எழவில்லை. அம்மு மூன்றாவது. அதை வாங்கும்போதே ஏழுமலை அண்ணன் சொல்லிவிட்டார்: "இதுவும் போச்சுன்னா இத்தோட வுட்ரு. அழுதழுது எனக்குத் தெம்பு இல்ல."

அவர் பாடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர். வீட்டுச் சோற்றுக்கு அம்மு இல்லாமலும் வழி உண்டு. ஆனால் விடியும்முன் எழுந்து, மடியைக் கழுவி, தெருத் தெருவாகப் பால் ஊற்றி, ஒவ்வொரு வாசலிலும் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவதுதான் கஸ்தூரி அக்காவின் நாள். மாடு இல்லாவிட்டால் அவளுக்குக் காலை இல்லை. அதனால் அம்முவை அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். கொட்டகைக்கு ஃபேன் போட்டது அவள்தான். மகனுடைய அறையிலிருந்து கழற்றி வந்த ஃபேன்.

"படிக்கிறவனுக்கு வேணாமாம்மான்னு கேட்டான்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். "நீ பால் கறந்து குடு, உனக்கு மாட்றேன்னேன்."

மூன்றாவது மாடிக்குப் பசு

வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எங்கள் பக்கத்தில் புது ஃபிளாட்டுக்குக் குடிவருகிறவர்கள் பசுவும் கன்றும் வாசல் தாண்டி வந்த பிறகுதான் பால் காய்ச்சுவார்கள். ஃபிளாட் வாங்குகிறவர்களிடம் பசு இருக்காது. முகூர்த்த நாளுக்கு முந்தின வாரம் பழைய ஊர்த் தெருக்களில் வந்து விசாரிப்பார்கள். கன்று கூடவே இருக்கும் கறவையாக வேண்டும். சாதுவாக இருக்க வேண்டும். அம்மு இரண்டுக்கும் பொருந்தும்.

அன்றைக்கு நடந்ததை ஏழுமலை அண்ணன் சொல்லச் சொல்ல, நான் குளுக்கோஸ் பாட்டிலை உத்தரத்தில் கட்டிக்கொண்டிருந்தேன்.

"மூணாவது மாடி டாக்டரம்மா. அங்க நின்னுனு இருந்த ஒரு தம்பி 'லிஃப்ட்ல ஏறுமாண்ணா'ன்னு கேட்டுச்சு. 'ஏறும், பட்டன் அமுக்க மட்டும் ஆள் அனுப்பு'ன்னேன். ஐயரே சிரிச்சிட்டாரு."

கடைசியில் கீழே, வண்டி நிறுத்தும் இடத்தில் கோலம் போட்டு, அதையே வாசலாக வைத்துப் பூஜை நடந்தது. வீட்டுக்காரப் பெண் நித்யா. ஈரோட்டுப் பக்கத்துப் பெண்; கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. பயந்து பயந்து வாலைத் தொட்டுக் கும்பிட்டாளாம். அம்மு அவள் கையை நக்கியதும் அழுதுவிட்டாளாம். பூஜைக்கு வைத்த சர்க்கரைப் பொங்கலை அவள் கையாலேயே ஊட்டினாள்.

அத்தோடு முடிந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

அது புதுக் கட்டடம். எல்லா வீட்டிலும் இப்போதுதான் குடி வந்திருக்கிறார்கள். கீழே பசு வந்திருக்கிறது என்று மேலே செய்தி போனது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பாத்திரம் இறங்கியது. பச்சரிசிச் சாதம், வெல்லம், இட்லி, வாழைப்பழம், ஊறவைத்த அரிசி. குழந்தைகள் கையில் ஆளுக்கு ஒரு கிண்ணம். ஒருவர் ஊட்டுவதை இன்னொருவர் படம் எடுத்தார். படம் சரியாக வரவில்லை என்றால் மறுபடி ஊட்டினார்கள். கிளம்பும்போது, சமையல்காரர்கள் மிச்சமிருந்த பொங்கலையும் பாயசத்தையும் வாளியில் கொட்டி முன்னால் வைத்தார்கள்.

"நீ இன்னா பண்ணிகினு இருந்தே?" என்று கேட்டாள் கஸ்தூரி அக்கா. குரல் உயரவில்லை.

"நின்னுனு இருந்தேன்."

"வேட்டி துண்டு குட்தாங்கன்னு பல்ல இளிச்சினு நின்னியா?"

"கோமாதான்னு சொல்லி, கைய கூப்பி வெக்கறாங்கடி. அத வேணான்னு நான் எப்படிச் சொல்றது? துன்ற சோத்த தட்டி வுடச் சொல்றியா?"

அவருக்குத் தொடர்ந்து பேசியாக வேண்டும்போல இருந்தது. "ஊட்டுக்கு வந்து படுத்துச்சு. வயிறு ரொம்பித் தூங்குதுன்னு நெனச்சேன் டாக்டரம்மா. சாயங்காலம் வெத்தல, மொளகு, இஞ்சி இடிச்சு உருண்ட குட்தேன். செரிச்சிடும்னு."

தொட்டிக்குள் நடந்தது

மாட்டின் முதல் வயிற்றை ஒரு பெரிய ஊறல் தொட்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள். வைக்கோலையும் புல்லையும் மெல்ல ஊறவைத்துப் பிரிப்பதற்கென்றே கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதற்குள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. நார்ச்சத்து அவற்றுக்குப் பழக்கம். சோறும் வெல்லமும் திடீரென்று வாளி வாளியாக வந்து விழுந்தால், வேறொரு கூட்டம் பெருகித் தொட்டியைப் புளிக்க வைத்துவிடும். அந்தப் புளிப்பில் பழைய கூட்டம் செத்துப்போகும். வயிற்றுச் சுவர் வெந்துபோகும். உடம்பின் தண்ணீரெல்லாம் தொட்டிக்குள் இறங்கும். பிறகு அமிலம் இரத்தத்தில் ஏறும்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளும், பெரிய முகூர்த்தத்துக்கு மறுநாளும் என் போன் ஓயாமல் அடிக்கும். அளவு குறைவாக இருந்தால் சோடா உப்புக் கரைசலில் தேறிவிடும். அளவு அதிகமானால் விலாவைத் திறந்து தொட்டியையே காலி செய்ய வேண்டும். அதை உடனே செய்ய வேண்டும், மாடு நிற்கும்போதே.

வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளே இருந்ததை எடுத்துப் பார்த்தேன். பால் கலந்த கஞ்சி போல வந்தது. சோதனைக் காகிதத்தில் தொட்டதும் நிறம் மாறியது. வெளியே எடுக்க முடிந்ததை எடுத்தேன். சோடா உப்புக் கரைசலை ஊற்றினேன். நரம்பில் மருந்தும் குளுக்கோஸும் ஏற்றினேன். அக்கா பாட்டில் மாற்றித் தந்தாள். அண்ணன் அம்முவின் தலையை மடியில் வைத்து நிமிர்த்திப் பிடித்திருந்தார். கன்றுக்குட்டி பால்மடியைத் தேடி வந்து முட்டியபோதெல்லாம் அதைத் தள்ளிவிட்டார்.

"ஆஸ்பத்திரிக்கு ஏத்திடலாமா? பூந்தமல்லியாண்ட நம்ம பையன் ஒருத்தன் குட்டி யான லோடு வண்டி வெச்சிகினு கீறான். கூப்டா வந்துடுவான்" என்றார்.

வண்டியில் ஏற்றுவதற்கே அம்மு எழுந்து நிற்க வேண்டும். படுத்த மாட்டைக் கயிறு கட்டி இழுத்து ஏற்றினால் வழியிலேயே போய்விடும். அதைச் சொன்னேன். பொய்யான நம்பிக்கை கொடுப்பதில்லை என்பது நான் எனக்கு வைத்திருக்கும் விதி.

பத்து மணி வெயில் கூரையில் ஏறியபோது அம்மு ஒருமுறை காதை அசைத்தது. கஸ்தூரி அக்கா முகம் மலர்ந்து என்னைப் பார்த்தாள். நான் நாடியில் விரல் வைத்திருந்தேன்.

மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

வெயில் என்று சொல்

அடக்கம் செய்ய இடம் இல்லை. முன்பெல்லாம் இறந்த மாட்டைச் சொந்த நிலத்திலேயே உப்புப் போட்டுப் புதைப்பார்கள். இப்போது அவர்களுக்கு இருப்பது வீடும் கொட்டகையும்தான். சுற்றிலும் சிமென்ட் தரை. பக்கத்துக் காலி மனையில் தோண்டலாம் என்றால் அதன் காவலாளி கையெடுத்துக் கும்பிட்டு, வேண்டாம் என்றார். கடைசியில் மாநகராட்சி வண்டிக்குச் சொன்னோம். ஜேசிபி ஒன்று கூட வந்தது. அதை ஓட்டியவர் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, அம்முவின் காலை ஒருமுறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிறகு ஏறி வேலையைத் தொடங்கினார். கஸ்தூரி அக்கா கன்றைக் கட்டிப்பிடித்து அதன் கண்ணைத் தன் கையால் மூடிக்கொண்டாள்.

வண்டி போன பிறகு கைகழுவத் தண்ணீர் ஊற்றியபடி என்னிடம் கேட்டாள்.

"டாக்டரம்மா, யார்னா கேட்டா வெய்யில்னு சொல்லிடு."

"என்ன அக்கா?"

"வெய்யில் தாங்கல, செத்துப்போச்சுன்னு சொல்லு. அந்தப் பொண்ணு வந்து கேட்டாலும் அதான்."

எனக்குக் கோபம் வந்தது. பல நாள் சொல்லிப் பார்த்து, யாரும் கேட்காத விஷயம் இது. இப்போது ஒரு மாடே போய்விட்டது. இப்போதும் சொல்லாவிட்டால் எப்போது சொல்வது? அடுத்த முகூர்த்தத்துக்கு வேறு ஒரு மாட்டைக் கொண்டுபோய் நிறுத்துவார்கள்; அதற்கும் இதேபோல வாளியில் வைப்பார்கள் என்றேன்.

"சொல்லு. வாணான்னா சொன்னேன்? பொதுவா எல்லாருக்கும் சொல்லு. அதுக்கு மட்டும் சொல்லாத."

"ஏன்?"

"அது மொத மொதல்ல வாங்கின ஊடு. அந்த வாசல்ல வெச்ச சோத்துல பசு செத்துச்சுன்னு தெரிஞ்சா, அப்பறம் அந்த ஊட்ல அது எப்படிப் படுத்துத் தூங்கும்? தெரிஞ்சா குட்துச்சு? ஆசையாதான குட்துச்சு."

ஏழுமலை அண்ணன் கொட்டகையின் ஃபேனை நிறுத்தப் போனார். "ஓடட்டும்யா, கன்னுக்குட்டி கீது" என்றாள் அவள்.

அதனால் பொதுவாக எல்லோருக்கும் சொல்கிறேன். உங்கள் புதுவீட்டு வாசலுக்குப் பசு வந்தால் ஒருவர் ஒரு பிடி புல் கொடுத்தால் போதும். சோறு, அரிசி, வெல்லம், பொங்கல் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அதுவும் ஒருவர், ஒரு உருண்டை. மாட்டைப் பிடித்து வருகிறவர் போதும் என்று சொல்லமாட்டார். உங்கள் கையைத் தட்டிவிட அவருக்கு மனம் வராது. நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.

இதை எழுத கஸ்தூரி அக்காவிடம் கேட்டேன். ஆட்களின் பெயரையும் மாட்டின் பெயரையும் மாற்ற வேண்டும், கட்டடம் எது என்று தெரியக்கூடாது என்று சொல்லிச் சம்மதித்தாள். ஏரியைச் சுற்றி அப்படிப்பட்ட கட்டடங்கள் நிறைய இருக்கின்றன.

தூக்குப்பாத்திரம்

அம்மு போன மறுநாள் காலையில் கன்றைப் பார்க்கப் போனேன். ஒன்றரை மாதக் கிடேரி. தாய் போன கன்றுக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டர் நின்றது. புது எவர்சில்வர் தூக்கோடு ஒரு பெண் வந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது.

"அக்கா, தினமும் பால் தர்றேன்னு அண்ணன் சொன்னாருங்க. நேத்தே வரணும்னு இருந்தேன், ஊர்ல இருந்து வந்தவங்களை எல்லாம் அனுப்பி வைக்கிறதுக்கே பொழுது போயிருச்சு." உள்ளே எட்டிப் பார்த்தாள். "அம்மு எங்கேங்க?"

ஏழுமலை அண்ணன் எழுந்து பின்பக்கம் போய்விட்டார்.

"அம்மு இல்லம்மா" என்றாள் கஸ்தூரி அக்கா. "நேத்து போச்சு. வெய்யில் தாங்கல. இந்த ஜாதி மாடுங்களே அப்படித்தான்."

நித்யா தூக்கை மார்போடு அணைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள், என் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் இருந்தது.

"வெயில்தானுங்களா?"

"வெயில்தான்" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் அழுதாள். கஸ்தூரி அக்கா அவள் தோளைத் தட்டிக் கொடுத்தாள். பெற்ற மகள் இறந்ததுபோல முந்தின நாள் அழுதவள், இப்போது அடுத்தவளைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

"முந்தாநாள் எங்க வீட்ல எவ்வளவு ஆசையா சாப்ட்டுச்சு. கடைசியா நல்லா சாப்ட்டுட்டாவது போச்சேங்க்கா" என்றாள் நித்யா.

"ஆமாம்மா" என்றாள் கஸ்தூரி அக்கா. "நல்லா துன்னுச்சு."

தூக்கை அவள் கையிலிருந்து வாங்கினாள். பால் வாங்க வந்த பாத்திரத்தை வெறுமனே அனுப்பக்கூடாது. சுற்றிலும் பார்த்தாள். மூலையில் ஈரச் சாக்குக்கு அடியில், அம்முவுக்கென்று வாங்கிய அகத்திக்கீரைக் கட்டு கட்டவிழ்க்காமல் கிடந்தது. கொழுந்தாகப் பார்த்துக் கிள்ளி, கழுவி, தூக்கு நிறைய அமுக்கி வைத்தாள்.

"கசக்கும். தேங்கா நெறைய போட்டு வதக்கு" என்று கொடுத்தாள்.

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. கன்று கத்த ஆரம்பித்தது. கஸ்தூரி அக்கா பின்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"கடைக்குப் போய் பாக்கெட்டு பால் வாங்கினு வா. கெட்டிப் பாலா கேளு."

"நம்ம ஊட்ல பாக்கெட்டு பாலான்னு கடைக்காரன் கேப்பான்" என்றார் அண்ணன் அங்கிருந்தே.

"கேக்கட்டும்."

அவர் இரண்டு பாக்கெட் வாங்கி வந்தார். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தவை. வெளியே நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. தாய்ப் பாலின் சூட்டுக்குக் கொண்டுவந்துதான் கொடுக்க வேண்டும் என்றேன். அடுப்பில் வைத்தால் ஆகிவிடும் வேலை. அவள் உள்ளே போகவில்லை. பாக்கெட் இரண்டையும் முந்தானைக்குள் விட்டு, வயிற்றோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கன்றின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். குளிரில் உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள்.